பெல் அடித்தால் யார் வருவார்கள் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் பிள்ளைகளோடு வந்து தங்கிவிட்ட அப்பா அம்மாக்களின் தனிமையைப் பற்றியும் குளிரில் அவர்கள் படும் பாட்டைப் பற்றியும் உங்கள் பத்திரிகையில் அவ்வப்போது வருகிறது, படிக்கிறேன். அதில் வராத ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் போலிருந்தது. அவர்களுக்குப் பக்கவாதமோ இடுப்பு எலும்பு முறிவோ வந்தால் இங்கே மருத்துவமனையில் சில நாள்தான் வைத்திருப்பார்கள், அதன் பிறகும் வீட்டுக்கு அனுப்புகிற நிலையில் இல்லை என்றால் ஸ்கில்டு நர்சிங் ஃபெசிலிட்டி என்று ஓர் இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். நம் ஆட்கள் ரிஹேப் என்று சொல்வது இதைத்தான். நர்ஸ் இருப்பார், பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் உண்டு, டாக்டர் தினமும் வரமாட்டார். வருடக்கணக்காக அங்கேயே இருக்கும் முதியவர்களும் பெரும்பாலும் அதே கட்டடத்தில்தான் இருப்பார்கள். என் அம்மா பக்கவாதத்துக்குப் பிறகு நியூ ஜெர்சியில் அப்படி ஓர் இடத்தில் இருந்தார். இடது கையும் காலும் வரவில்லை, விழுங்குவதிலும் சிக்கல்.

அங்கே இருந்து பார்த்ததில் எனக்கு உறைத்தது இதுதான். முன்கூடத்தில் பியானோ இருக்கிறதா, தரை பளபளக்கிறதா என்பதெல்லாம் நோயாளிக்கு ஒன்றும் செய்யாது. ராத்திரி பெல் அடித்தால் வருவதற்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

அம்மாவுக்கு மூளையின் வலது பக்கம் அடிபட்டிருந்ததால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு நினைவில் இல்லை, தட்டில் இடது பாதியில் இருக்கும் சாப்பாடு அப்படியே கிடக்கும். அந்த அறையில் பெல்லின் கயிறு கட்டிலின் இடது கம்பியில் கிளிப் போட்டிருந்தது, தண்ணீர் டம்ளரும் இடது பக்க மேசையில். பெல் அடிக்காத நோயாளி என்றால் தொந்தரவு இல்லாத நோயாளி என்று எடுத்துக்கொள்வார்கள், ஆனால் என் அம்மா பெல் அடிக்காததற்குக் காரணம் அது அவர் கண்ணில் படவே இல்லை என்பதுதான். கயிற்றை வலது கைக்கு மாற்றுங்கள் என்று சொன்னால் உடனே மாற்றினார்கள், அடுத்த ஷிஃப்டில் படுக்கை விரிப்பு மாற்றியவர் மறுபடி இடது பக்கமே போட்டுவிட்டார். கடைசியில் தலைமாட்டுச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டச் சொல்லி, கேர் பிளான் என்கிற கவனிப்புத் திட்டத்திலும் சேர்க்கச் சொன்ன பிறகுதான் அது நிலைத்தது. சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் முதல் கேர் பிளான் தயாராக வேண்டும், அதன் சுருக்கத்தை நோயாளிக்கோ குடும்பத்துக்கோ தர வேண்டும் என்பது சட்டம். கேட்டு வாங்குங்கள். எந்தப் பக்கம் பெல், சைவமா, விழுங்கச் சிரமப்படுபவருக்குக் கெட்டியாக்கித் தரும் தண்ணீர்தானா, காது எந்தப் பக்கம் கேட்கும், எல்லாம் அதில் இருக்க வேண்டும். வாயால் சொன்னது ஷிஃப்ட் மாறினால் போய்விடும்.

நோயாளியைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து, டயப்பர் மாற்றுவது நர்ஸ் இல்லை, சிஎன்ஏ எனப்படும் உதவியாளர்கள். இவர்களைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹைட்டியிலிருந்து வந்த ஒரு பெண் அம்மாவைப் புரட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் அவருடைய நல்ல கையை எடுத்துக் கட்டில் கம்பியில் வைப்பார், அம்மா கம்பியைப் பிடித்துத் தானும் கொஞ்சம் இழுப்பார், அதுவரை காத்திருந்துவிட்டுத்தான் புரட்டுவார். அதற்கு அரை நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். மூட்டை மாதிரிப் புரட்டப்படுவதற்கும் தானே திரும்புவதற்கும் உள்ள வித்தியாசத்தை அம்மாவின் முகத்தில் பார்த்தேன். அதே பெண் வேறொரு நாள், இரண்டு பேர் லீவு போட்ட நாளில், அந்த அரை நிமிடம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். ஆள் அதே ஆள்தான்.

நியூ ஜெர்சியில் 2021 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பகலில் 8 நோயாளிகளுக்கு ஒரு உதவியாளர், மாலையில் 10 பேருக்கு ஒருவர், இரவில் 14 பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும். பல மாநிலங்களில் இந்த அளவுக்குக்கூடக் கிடையாது, அந்த வகையில் நாங்கள் பரவாயில்லை. ஆனால் இரவில் 14 பேர் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். படுக்கைப் புண் வராமல் இருக்க நகர முடியாதவர்களைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். அதோடு கழிவறைக்குப் போக வேண்டும் என்பவர், பயந்துபோய்க் கத்துபவர், எழுந்து நடக்கப் பார்த்து விழக்கூடியவர் என்று எல்லாரும் அந்த 14 பேருக்குள்தான். தூக்கும் இயந்திரத்தை வைத்து ஒருவரைக் கட்டிலிலிருந்து எடுக்க இரண்டு பேர் வேண்டும், அந்த இரண்டு பேரும் ஓர் அறையில் இருக்கும்போது 28 பேர் இருக்கிற தாழ்வாரத்தில் வேறு உதவியாளர் யாரும் இல்லை. அந்த நேரத்தில் அடிக்கிற பெல் அடித்துக்கொண்டேதான் இருக்கும். கழிவறைக்குப் போக வேண்டும் என்று அடித்து, காத்திருந்து, முடியாமல் போய் ஈரத்திலேயே படுத்திருப்பது ஒரு எழுபது எண்பது வயது மனிதருக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நாடு முழுவதற்குமான விதி இன்னும் மோசம். நர்சிங் ஹோம்களை ஒழுங்குபடுத்தும் 1987ஆம் ஆண்டுச் சட்டம் நல்ல சட்டம்தான், நோயாளியைக் கட்டிலில் கட்டிப்போடுகிற வழக்கத்தை அதுதான் பெரும்பாலும் ஒழித்தது. ஆனால் ஆள் எண்ணிக்கையைப் பற்றி அது சொல்வது, பதிவு பெற்ற நர்ஸ் ஒரு நாளில் 8 மணி நேரமாவது இருக்க வேண்டும், ஏதாவது ஒரு வகை லைசென்ஸ் உள்ள நர்ஸ் 24 மணி நேரமும் இருக்க வேண்டும், மற்றபடி “போதுமான” ஆட்கள். எது போதும் என்பது அவரவர் விருப்பம். 2024 மே மாதம் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது, ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 3.48 மணி நேர நர்சிங் கவனிப்பு, 24 மணி நேரமும் பதிவு பெற்ற நர்ஸ் என்று. ஆள் கிடைக்காது, செலவு தாங்காது என்று நர்சிங் ஹோம் தரப்பு நீதிமன்றம் போனது, 2025 ஏப்ரலில் டெக்சாஸ் நீதிமன்றம் ஒன்று அதை ரத்து செய்தது, அப்புறம் ஜூலையில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் 2034 வரை அதை அமல்படுத்தவே கூடாது என்று தள்ளிவைத்தது. ஆள் கிடைப்பதில்லை என்பது உண்மைதான், அந்தச் சம்பளத்துக்கும் அந்த வேலைச் சுமைக்கும் யார் வருவார்கள்? அதைச் சரி செய்யாமல் விதியைத் தூக்கியது எனக்குப் பெரிய தப்பாகப் படுகிறது.

சரி, சட்டம் மாறும்போது மாறட்டும். இடம் தேடும் குடும்பம் இப்போது என்ன செய்யலாம்? மருத்துவமனையின் சோஷியல் ஒர்க்கர் நாலைந்து பெயர் உள்ள காகிதத்தைக் கையில் கொடுத்து, நாளைக்குள் சொல்லுங்கள் என்பார். முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் நடத்தும் கேர் கம்பேர் இணையதளத்தில் அந்தப் பெயர்களைப் போட்டுப் பாருங்கள். மொத்த நட்சத்திரத்தைப் பார்த்து நின்றுவிடாமல் ஸ்டாஃபிங் பகுதிக்குள் போனால் வார இறுதியில் எத்தனை மணி நேரக் கவனிப்பு, வருடத்தில் எத்தனை சதவீதம் ஊழியர்கள் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பதெல்லாம் இருக்கும், இவை சம்பளப் பட்டியலிலிருந்து எடுக்கிற எண்கள் என்பதால் நம்பலாம். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நேரில் போங்கள். அன்றைய ஷிஃப்டில் எத்தனை நர்ஸ், எத்தனை உதவியாளர் என்று எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும், படியுங்கள். தாழ்வாரத்தில் கொஞ்ச நேரம் நின்று, அறைக்கு மேலே எரியும் பெல் விளக்கு எவ்வளவு நேரம் அணையாமல் இருக்கிறது என்று பாருங்கள். சுற்றிக் காட்ட வருபவர் சொல்லாதது அதில் தெரிந்துவிடும்.

சேர்த்த பிறகு, பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். நோயாளி வேண்டாம் என்று சொல்லாதவரை நெருங்கிய குடும்பத்தார் எந்த நேரத்திலும் பார்க்கலாம் என்பது மத்திய விதி. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் கதவை மூடினார்கள், 2021 நவம்பரில்தான் முழுதாகத் திறந்தார்கள், அந்தக் காலத்தில் ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போன குடும்பங்களுக்கு இந்த உரிமையின் அருமை தெரியும். போகும்போது முதுகுக்குக் கீழேயும் குதிகாலிலும் தோலைப் பாருங்கள். படுக்கைப் புண்ணின் ஆரம்பம் சிவப்பாகத் தெரியும் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள், நம்முடையது போன்ற கறுத்த தோலில் அந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. தொட்டுப் பார்க்க வேண்டும், சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால், தொட்டால் வலிக்கிறது என்றால், அன்றைக்கே நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டி எழுதவைக்க வேண்டும்.

அடுத்தது மொழி. அம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரியும், பக்கவாதத்துக்குப் பிறகு அதுவும் போய்விட்டது. காலையில் நாங்கள் வேலைக்குப் போன நேரத்தில் தெரபி நடக்கும். வலது காலைத் தூக்கு, எடையை இந்தப் பக்கம் மாற்று என்று ஆங்கிலத்தில் சொன்னால் அவர் சிரித்தபடி உட்கார்ந்திருப்பார். குறிப்பில் என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா, “சொல்வதைப் பின்பற்றும் நிலையில் இல்லை” என்று. அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டுத்தான் இன்சூரன்ஸ், முன்னேற்றம் இல்லை, தெரபியை நிறுத்தலாம் என்கிறது. நோயாளிக்குப் புரியாத மொழியில் பேசிவிட்டு நோயாளிக்குப் புத்தி வேலை செய்யவில்லை என்று பதிந்துவிட்டால், நடக்கக்கூடிய ஒருவர் சக்கர நாற்காலியிலேயே தங்கிவிடுவார். மெடிகேர் பணம் வாங்கும் இடங்கள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும், போனிலேயே தமிழ் பேசுபவரைப் பிடித்துத் தருகிற சேவைகள் இருக்கின்றன. எழுத்தில் கேட்ட பிறகு ஸ்பீக்கரில் ஒரு தமிழ்க் குரல் “அம்மா, காலைக் கொஞ்சம் முன்னால வைங்க” என்றது, அம்மா வைத்தார். தெரபிஸ்டே அசந்துபோனார்.

முன்னேற்றம் இல்லை என்று சொல்லி நிறுத்துவதே பல நேரங்களில் தவறு. ஜிம்மோ என்பவர் தொடுத்த வழக்கில் 2013இல் ஏற்பட்ட சமரசத்தின்படி, இருக்கிற நிலை மேலும் மோசமாகாமல் காக்கவும், அதற்குப் பயிற்சி பெற்றவரின் கவனிப்பு தேவை என்றால் மெடிகேர் பணம் தர வேண்டும். கவரேஜ் முடிகிறது என்று குறைந்தது இரண்டு நாள் முன்னால் எழுத்தில் நோட்டீஸ் தருவார்கள், அதில் அப்பீல் செய்ய வேண்டிய நம்பர் இருக்கும், முடியும் தேதிக்கு முந்தின நாள் நண்பகலுக்குள் கூப்பிட்டுவிட வேண்டும். இலவசம், வக்கீல் வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தக் காகிதம் வந்தாலும் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. மெடிகேர் 100 நாள் தரும் என்பது முழு உண்மை இல்லை. முதல் 20 நாள்தான் முழுச் செலவையும் அது தரும், 21ஆம் நாளிலிருந்து நம் பங்கு உண்டு, 2025இல் அது நாளுக்கு 209.50 டாலர். வழக்கமான மெடிகேரில் அதற்கு முன் மூன்று நாளாவது மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும், அப்சர்வேஷன், அதாவது வெறும் கண்காணிப்பு, என்று போட்டு வைத்திருந்தால் கட்டிலில் படுத்திருந்த நாள் கணக்கில் வராது, ஆகவே மருத்துவமனையிலேயே “இன்பேஷண்டா, அப்சர்வேஷனா” என்று தினமும் கேளுங்கள். கிரீன் கார்டில் வந்து இங்கே வேலை பார்க்காத பெற்றோர் 65 வயதுக்கு மேல், ஐந்து வருடம் தொடர்ந்து இருந்த பிறகுதான் பெரும்பாலும் மெடிகேரை மாதாமாதம் பணம் கட்டி வாங்க முடியும். இதைப் படிக்கும் பிள்ளைகள் இப்போதே பார்த்து வைப்பது நல்லது.

சேரும் நாளில் நீட்டும் காகிதங்களிலும் அவசரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தகராறு வந்தால் நீதிமன்றம் போகாமல் நடுவரிடம்தான் போவேன் என்ற ஒப்பந்தம் அதில் இருக்கலாம், அதில் கையெழுத்துப் போடாவிட்டாலும் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும், போட்டுவிட்டாலும் 30 நாளுக்குள் திரும்பப் பெறலாம். பில்லுக்கு என் சொந்தப் பணத்தில் பொறுப்பு என்று மகனையோ மகளையோ கட்டாயப்படுத்தி எழுதி வாங்கவும் கூடாது.

எதற்கும் அசையவில்லை என்றால் ஒவ்வொரு மாநிலத்திலும் நர்சிங் ஹோம் நோயாளிகளின் குறைகளைக் கேட்க ஆம்பட்ஸ்மன் அலுவலகம் என்று ஒன்று உண்டு, பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம். புகார் செய்தால் அம்மாவை ராத்திரி கவனிக்காமல் விட்டுவிடுவார்களோ என்று பயந்து நம் குடும்பங்கள் வாயை மூடிக்கொள்கின்றன. அந்தப் பயம் எனக்கும் இருந்தது, ஆனால் அப்படிப் பழிவாங்கச் சட்டத்தில் இடமில்லை, அதைச் சொல்லிவிட்டே பேசலாம். நாங்கள் பேசிய பிறகு அம்மாவிடம் யாரும் முகம் சுளிக்கவில்லை, உதவியாளர்களுக்கு உள்ளூர சந்தோஷம்தான், ஆள் போதவில்லை என்று அவர்கள் சொன்னால் எடுபடாததை நாங்கள் சொல்லிவிட்டோமே என்று.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெரிய மண்டபம் எடுக்கின்றன, நல்லது. பக்கத்து ஊர்களில் எந்தெந்த நர்சிங் ஹோமில் தமிழ் பேசும் முதியவர்கள் இருக்கிறார்கள் என்று குடும்பங்களிடம் கேட்டு ஒரு பட்டியல் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டிரண்டு பேராகப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வர ஏற்பாடு செய்ய முடியுமா? அந்த நேரத்தில்தான் ஆள் குறைவு. நான் வரத் தயார். விருப்பமுள்ள சங்கங்கள் உங்கள் அலுவலகம் வழியாகத் தெரிவித்தால் தொடர்பு கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நியூ ஜெர்சி