மின் ஸ்கூட்டர் ஒப்புதல் விவரம் வாங்குவோருக்கும் தெரிய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின் ஸ்கூட்டர்கள் இப்போது ஒரே பெயரில் மூன்று, நான்கு வேரியன்ட்களாக விற்கப்படுகின்றன. வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாவிட்டாலும் பேட்டரியின் கொள்ளளவு, மோட்டாரின் திறன், சார்ஜர் ஆகியவை மாறுகின்றன. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 126-ஆம் விதிப்படி, புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை அமைப்புகளின் ஒப்புதல் பெற்ற பிறகே ஒரு மாடல் விற்பனைக்கு வரலாம். பின்னர் புதிய வேரியன்ட் வரும்போது, பெரும்பாலும் பழைய ஒப்புதலே நீட்டிக்கப்படுகிறது. மாற்றத்தைப் பொறுத்து, தேவையான சோதனைகள் மட்டும் மீண்டும் நடத்தப்படுகின்றன. இம்முறையில் தவறில்லை. ஆனால் எது மாறியது, எது மறுபடி சோதிக்கப்பட்டது என்பது வாங்குகிறவருக்குத் தெரிவதே இல்லை.

2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றியதில் தந்தையும் மகளும் உயிரிழந்ததை எங்கள் பகுதி மக்கள் இன்னும் மறக்கவில்லை. நாட்டின் பல இடங்களில் இவ்வாறு நேர்ந்த பிறகே பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 தரநிலை கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. பேட்டரிக்குள் இருக்கும் பல செல்களில் ஒன்றில் மூளும் வெப்பம் பேட்டரித் தொகுப்பு முழுவதும் பரவி வெடிக்கிறதா என்பதைக்கூட அதன்படி சோதிக்கிறார்கள். செல்லின் வகையோ அவை அடுக்கப்படும் விதமோ மாறினால் அச்சோதனையின் முடிவும் மாறக்கூடும் என்பதால், ஒரு வேரியன்ட்டின் சான்றை வைத்து இன்னொன்றை நம்பிவிட முடியாது.

அண்மையில் ஒரு விற்பனை நிலையத்தில், பெரிய பேட்டரி கொண்ட வேரியன்ட்டுக்கான ஒப்புதல் விவரத்தைக் கேட்டேன். ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று அச்சிட்ட விளம்பரத் தாளைத்தான் கையில் கொடுத்தார்கள். சான்றிதழ் பற்றிக் கேட்ட முதல் ஆள் நான்தான் என்றார் அங்கிருந்த ஊழியர். அவர்மீது குறையில்லை, அவரிடமும் அந்த விவரம் இல்லை.

250 வாட்டுக்கும் 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்ட ஸ்கூட்டர்களுக்குப் பதிவெண்ணே தேவையில்லை என்பதால், ஆர்.டி.ஓ. அலுவலகச் சரிபார்ப்பும் அவற்றுக்கு இல்லை. அங்கே இந்த விவரம் இன்னும் அவசியமாகிறது.

எனவே, ஒவ்வொரு வேரியன்ட்டின் ஒப்புதல் எண், அது வழங்கப்பட்ட நாள், பேட்டரித் தொகுப்பின் விவரம், மீண்டும் நடத்தப்பட்ட சோதனைகள் ஆகியவற்றை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தன் பரிவாகன் இணையதளத்தில் எவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அதுவரை காத்திராமல், விற்பனை நிலையங்களில் இவ்விவரங்களைத் தமிழில் எழுதி வைக்குமாறு மாநிலப் போக்குவரத்துத் துறை அறிவுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காட்பாடி.