விமான நிலையங்களில் பாலூட்டவும் பால் எடுக்கவும் தனியறை கோரும் மனு

அனுப்புநர்
பணி நிமித்தம் விமானப் பயணம் மேற்கொள்ளும் தாய் ஒருவர்

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
விமானப் போக்குவரத்துத் துறை

பொருள்: விமான நிலைய முனையங்களில் தாய்ப்பால் ஊட்டவும், பம்ப் கொண்டு பால் எடுக்கவும் தனியறைகள் அமைத்தல் – அவ்வறைகளுக்கான குறைந்தபட்ச விதிமுறையை வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் எட்டு மாதக் குழந்தையின் தாய். பேறுகால விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பியபின், அலுவல் காரணமாக மாதத்தில் இரண்டு முறையேனும் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு விமானத்தில் செல்ல வேண்டியுள்ளது. அந்த அனுபவத்தைக் கொண்டே இம்மனுவைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். பல முனையங்களில் ‘குழந்தை பராமரிப்பு அறை’ என்ற பலகை தொங்குகிறது என்பதை நான் மறுக்கவில்லை. அந்தப் பலகைக்குப் பின்னால் என்னென்ன இருக்க வேண்டும், அந்த அறையை யார் பயன்படுத்தலாம் என்பது தெளிவாக எழுதி வைக்கப்படாததே என் குறை.

சென்ற பயணம் ஒன்றில் பாதுகாப்புச் சோதனையை முடித்துவிட்டு அப்படி ஓர் அறையைத் தேடிச் சென்றேன். கதவு பூட்டியிருந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து அறிவதற்கே இருபது நிமிடங்கள் ஆயின. சாவியோடு வந்த பணியாளர் என் கைகளைப் பார்த்துவிட்டு, “குழந்தை எங்கே?” என்று கேட்டார். வீட்டில் இருக்கிறது, பால் எடுக்க வேண்டும் என்று சொன்னேன். குழந்தையோடு வருவோருக்கு மட்டுமே இந்த அறை என்று சொல்லி, கழிப்பறையைக் கைகாட்டினார். அவர் கடுமையாகப் பேசவில்லை. தமக்குச் சொல்லப்பட்டதைச் செய்தார், அவ்வளவே. ஆனால் வரிசையில் நிற்கும் பெண்கள் கதவைத் தட்டத் தட்ட, மூடிய கழிப்பறை இருக்கையின் மேல் அமர்ந்து, பிளக் பாயிண்ட் இல்லாததால் கையாலேயே பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு வந்தேன். என் குழந்தை மறுநாள் குடித்திருக்க வேண்டிய பால் அது.

வேறொரு நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக்கூடிய தேவை இதுவன்று. பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கிறது. வளர வளர இடைவெளி கூடினாலும், சில மணி நேரத்திற்கு ஒருமுறை மார்பு நிறையத்தான் செய்யும். வீட்டிலிருந்து விமான நிலையம் செல்லும் நேரம், புறப்பாட்டிற்கு முன் காத்திருக்கும் இரண்டு அல்லது மூன்று மணி நேரம், பறக்கும் நேரம், இறங்கியபின் பெட்டிக்காக நிற்கும் நேரம் எல்லாவற்றையும் கூட்டினால், குறுகிய பயணம்கூட ஆறு மணி நேரத்தைத் தொட்டுவிடும். விமானம் தாமதமானாலோ, இடையில் வேறு விமானம் மாற வேண்டியிருந்தாலோ சொல்லவே வேண்டாம். அவ்வளவு நேரம் பாலை எடுக்காமல் விட்டால் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகும். பால் குழாய் அடைபட்டால் மார்பக அழற்சி ஏற்பட்டுக் குளிர்க்காய்ச்சலில் படுக்க நேரிடும். அதைவிட மெதுவாக நிகழும் இழப்பு ஒன்றும் உண்டு. பால் தேங்கத் தேங்க, உடல் அதைத் தேவையற்றதாகக் கொண்டு சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே தர வேண்டும் என்றும், பின்னர் இணை உணவுடன் இரண்டு வயது வரையிலோ அதற்கு மேலுமோ தொடரலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்தப் பரிந்துரையைப் பின்பற்ற விரும்பும் பெண், பயணம் செய்யும் ஒவ்வொரு மாதமும் சிறிது சிறிதாகத் தோற்றுக்கொண்டே வருகிறாள்.

கழிப்பறை ஏன் போதாது என்பதை விளக்க வேண்டியிருப்பதே வருத்தம் தருகிறது. எடுக்கும் பால் நேராகக் குழந்தையின் வாய்க்குப் போகும் உணவு. கழிப்பறையில் யாரும் உணவு தயாரிப்பதில்லை. பம்பின் புனலையும் குழாயையும் புட்டியையும் வைக்க அங்கே சுத்தமான பரப்பு கிடையாது. மேலும், இரு மார்பிலும் பால் எடுத்து முடிக்க இருபது நிமிடங்களாவது ஆகும். பதற்றத்தில் இருக்கும்போது பால் எளிதில் இறங்காது என்பதால் அதற்கு மேலும் ஆகலாம். அவ்வளவு நேரம் ஒரு கழிப்பறையை அடைத்துக்கொண்டிருப்பது மற்றப் பயணிகளுக்கும் இடையூறுதான். கைபேசிக்கு மின்னூட்டம் தர இருக்கைக்கு இருக்கை பிளக் பாயிண்ட் வைத்திருக்கும் முனையத்தில், கதவுள்ள ஓர் அறைக்குள் ஒன்றே ஒன்று வைப்பது முடியாத காரியமாக இருக்க வாய்ப்பில்லை.

விதிமுறை இல்லாத இடத்தில் அறை என்ற சொல் எவ்வளவு தூரம் இளகும் என்பதற்கு அமெரிக்காவில் 100 விமான நிலையங்களிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். தாங்கள் பாலூட்டும் தாய்மாருக்கு உகந்தவர்களே என்று 62 நிலையங்கள் பதிலளித்தன. ஆனால் நாற்காலி, மேசை, பிளக் பாயிண்ட் ஆகியவை கொண்ட, கழிப்பறையாக இல்லாத அறை என்ற மிக எளிய அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, தேறியவை 8 மட்டுமே. 25 நிலையங்கள் குடும்பக் கழிப்பறையையே பாலூட்டும் அறையாகக் கணக்கில் காட்டியிருந்தன. யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. எது அறை என்று வரையறுக்கப்படாததால் அவரவர் மனத்தில் இருந்ததை அவரவர் சொல்லியிருக்கிறார்கள்.

அந்நாடு 2018இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. பெரிய, நடுத்தர விமான நிலையங்களின் ஒவ்வொரு முனையக் கட்டடத்திலும், பாதுகாப்புச் சோதனைக்கு அப்பால், உள்ளிருந்து பூட்டக்கூடிய, வெளியார் பார்வையிலிருந்து மறைந்த இடம் இருக்க வேண்டும். அதில் இருக்கை, மேசை, பிளக் பாயிண்ட் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தத்தக்கதாக இருக்க வேண்டும். அது கழிப்பறைக்குள் அமையக் கூடாது என்று அச்சட்டம் கூறுகிறது. 2020இல் வந்த திருத்தம் சிறிய நிலையங்களையும் இதற்குள் கொண்டுவந்தது. ஆண்கள் கழிப்பறையிலும் குழந்தைக்கு உடை மாற்றும் மேசை வைக்க வேண்டும் என்றும் அந்நாட்டுச் சட்டம் சொல்கிறது. இந்த இரண்டாவது ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். உடை மாற்றும் மேசை பாலூட்டும் அறைக்குள் மட்டுமே இருந்தால், கைக்குழந்தையோடு வரும் தந்தை அதன் கதவைத் தட்டத்தான் வேண்டும். அவர் மீது தவறில்லை, ஆனால் உள்ளே இருப்பவளுக்கு அந்த அறை தனியறையாக இராது.

ஆகவே, இத்தகைய விதிமுறை ஒன்றைத் தங்கள் துறை வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். மேற்சொன்ன வசதிகளோடு, பம்பின் பாகங்களை அலசுவதற்கு அறைக்குள்ளேயோ மிக அருகிலோ தண்ணீர் வரும் தொட்டி ஒன்றும் வேண்டும். அறையைச் சாவி போட்டு வைப்பதாயின் அது பயணிக்குப் பயன்படாது. காலியாக இருக்கும்போது திறந்தும், ஆள் உள்ளே இருக்கும்போது தாழிட்டும் இருப்பதே முறை. முனைய வரைபடத்திலும், கழிப்பறைக்கு வழிகாட்டும் பலகைகளிலும் இந்த அறையின் இடமும் குறிக்கப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தை உடனில்லாமல் பால் எடுக்க வரும் பெண்ணுக்கும் இந்த அறையில் சம உரிமை உண்டு என்ற வரி அந்த விதிமுறையில் வெளிப்படையாக இடம்பெற வேண்டும். குழந்தை உடனிருந்தால், நெருக்கடியில் ஒரு துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு எங்காவது ஓரமாக அமர்ந்தேனும் பாலூட்டிவிடலாம். அப்படி ஊட்டும் உரிமையும் அவளுக்கு உண்டு, அறை இருப்பதைக் காரணம் காட்டி அவளை உள்ளே போகச் சொல்லக் கூடாது. பம்பும் புட்டியுமாகத் தனியே நிற்பவளுக்கு அந்த வழியும் எளிதாக வாய்ப்பதில்லை.

பழைய கட்டடங்களில் இடமில்லை, சுவர் எழுப்ப முடியாது என்று நிலைய நிர்வாகங்கள் கூறக்கூடும். தொழிற்சாலையில் தயாரித்துக் கொண்டுவந்து பொருத்தும் சிற்றறைகள் இதற்காகவே உள்ளன. அமெரிக்காவின் பர்லிங்டன் விமான நிலையத்தில் 2013லேயே அப்படி ஒன்று வைக்கப்பட்டது. ஏறத்தாழ 4 அடிக்கு 8 அடி பரப்பு இருந்தால் ஒன்றை நிறுத்திவிடலாம். நிரந்தர அறைகள் கட்டப்படும் வரை இவற்றை இடைக்கால ஏற்பாடாகவேனும் அனுமதிக்கலாம்.

எடுத்த பாலைக் கொண்டுசெல்வதும் இதோடு சேர்ந்த சிக்கலே. கறந்த தாய்ப்பால் சாதாரண அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் வரையும், ஐஸ் பேக் வைத்த குளிர்பையில் ஒரு நாள் வரையும் கெடாமல் இருக்கும். ஆனால் திரும்பி வரும் வழியில், 100 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட திரவம் என்று சோதனையில் அதைத் தடுத்துவிட்டால், அறை இருந்தும் பயனில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும், குழந்தை உடன் வராவிட்டாலும் தாய்ப்பாலைக் கைப்பையில் எடுத்துச் செல்ல அனுமதி உண்டு. (பிரிட்டனில் உறைந்த பாலுக்கு மட்டும் அந்த அனுமதி இல்லை.) பாலுக்கும் பம்புக்கும் ஐஸ் பேக்கிற்கும் உள்ள விலக்கைத் தெளிவாக எழுதி, சோதனைப் பணியில் இருப்போர் அனைவருக்கும் சுற்றறிக்கையாக அனுப்புமாறு வேண்டுகிறேன். அதன் நகல் பயணிகளுக்கும் கிடைக்குமானால், சோதனை மேசையில் நின்று வாதாட வேண்டிய அவசியம் எங்களுக்கு இராது.

கடைசியாக, இவ்வறைகள் இருப்பதாக நிலையங்கள் தரும் அறிக்கையை மட்டும் ஏற்றுக்கொள்ளாமல், ஆண்டுக்கு ஒருமுறையேனும் துறையின் சார்பில் பெண் அலுவலர் ஒருவர் நேரில் சென்று, கதவு திறக்கிறதா, பிளக் பாயிண்டில் மின்சாரம் வருகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்து, அந்த விவரத்தைப் பொதுவில் வெளியிட வேண்டும்.

இக்கோரிக்கைகளைக் கனிவுடன் பரிசீலித்து உரிய ஆணை பிறப்பிக்குமாறும், எடுக்கப்படும் நடவடிக்கையை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விதிமுறையை வகுக்கும் குழுவில் பயணம் செய்யும் தாய்மாரின் கருத்தைக் கேட்கத் துறை விரும்பினால், நேரில் வந்து விளக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்