நிழல் எழுத்துக்கு அவசரப்படாதே

அன்புள்ள கவிதாவுக்கு,

போனில் சொன்னால் பாதி காதில் விழும், பாதி ஆபீஸ் மீட்டிங்கில் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து நீ வாங்கிய மல்டிஃபோக்கல் கான்டாக்ட் லென்ஸை மூன்றாம் நாளே திருப்பிக் கொடுத்துவிடாதே.

எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் மாதிரி இன்னொரு எழுத்து விழுகிறது என்றாய். ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும். உன் புரொக்ரெஸிவ் கண்ணாடியில் மேல்பக்கம் தூரத்துக்கு, கீழ்ப்பக்கம் கிட்டத்துக்கு. கண்ணைத் தாழ்த்தினால் பவர் மாறும். கான்டாக்ட் லென்ஸ் கருவிழியோடு சேர்ந்து நகர்வதால் அது இங்கே நடக்காது. உன்னுடையதில் நடுவட்டத்தில் கிட்டத்துக்கான பவர் இருக்கிறது, ஓரத்துக்குப் போகப் போகத் தூரத்துக்கான பவர். இரண்டு பிம்பமும் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் விழுகின்றன. வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததை விட்டுவிட மூளை பழக வேண்டும். அதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை விடுபடாமல் நிற்கிற பிம்பம்தான் உன் நிழல் எழுத்து.

ஒரு கண்ணை மூடி மூடிச் சோதிக்கிற பழக்கத்தை இன்றோடு விடு. உன் வலது கண் முந்திப் பார்க்கிற கண், அதைத் தூரத்துக்குச் சாதகமாக வைத்திருப்பார்கள். இடது கண்ணைக் கிட்டத்துக்குக் கொஞ்சம் தூக்கியிருப்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே குறையாகத்தான் தெரியும். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது என்ன தெரிகிறதோ, அதுதான் உன் பார்வை.

வயதாகும்போது கிட்டத்துப் பார்வை மங்குகிற சாளேஸ்வரம் எல்லாருக்கும் வருவதுதான். ஆனால் மைனஸ் பவர்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு ஏமாற்றம் உண்டு. உனக்கு மைனஸ் 4.50. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாத்திரை அட்டையை 22 சென்டிமீட்டரில் பிடித்தால் பொடி எழுத்துகூடப் பளிச்சென்று தெரியும். லென்ஸைப் போட்டபின் அந்த வசதி போய்விடும். போதாததற்கு, அதே பவரைக் கண்ணாடியிலிருந்து லென்ஸுக்கு மாற்றும்போது கிட்டத்தில் பார்க்கக் கண் இன்னும் கொஞ்சம் உழைக்க வேண்டும். பையில் பிளஸ் 1.00 ரீடிங் கண்ணாடி ஒன்று போட்டுவை, லென்ஸுக்கு மேலேயே மாட்டிக்கொள்ளலாம். அதனால் லென்ஸ் தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை.

வெளிச்சத்தைக் கவனி. மத்தியான வெயிலில் கண்பாவை சுருங்கும், நடுவட்டம்தான் அதிகம் வேலை செய்யும், அதனால் தூரம் லேசாக மங்கும். கூலிங் கிளாஸ் போட்டால் பாவை விரிந்து சரியாகும். இருட்டில் இதற்கு நேர்மாறு: பாவை விரிந்து ஓரத்துப் பவர் மேலோங்கும், ஹோட்டல் மெனு கார்டு படிக்க வராது. போன் டார்ச்சைத் தாள்மேல் அடி, பாவை சுருங்கி எழுத்து தெரியும். ராத்திரியில் ஹெட்லைட்டைச் சுற்றி வளையம் தெரியலாம். பழகும் வரை ஓஎம்ஆர் ரோட்டில் ராத்திரி நீ வண்டி ஓட்டவே கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

முதல் நாள் நாலு மணி நேரம் போதும், பிறகு தினமும் இரண்டு மணி நேரம் கூட்டு. ஸ்கிரீனைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது வெகுவாகக் குறையும். அதோடு ஆபீஸ் ஏசியும் சேர்ந்தால் லென்ஸ் காய்ந்து பார்வை மங்கும், நீ பவரைக் குறை சொல்வாய். நன்றாக நாலு தடவை சிமிட்டிப் பார். தெளிந்தால் காரணம் வறட்சிதான். லென்ஸோடு விடக்கூடிய, பிரிசர்வேட்டிவ் இல்லாத சொட்டு மருந்தைக் கேட்டு வாங்கிக்கொள்.

லென்ஸை விரல் நுனியில் வைத்துக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பார். விளிம்பு கிண்ணம் மாதிரி நேராக நின்றால் சரி. தட்டு மாதிரி வெளியே விரிந்தால் உள்வெளியாகத் திரும்பியிருக்கிறது. எப்போதும் வலது கண்ணில் ஆரம்பி. இரண்டும் இடம் மாறினால் நாள் முழுக்கத் தலைவலிதான். மை இட்டுக்கொள்வதெல்லாம் லென்ஸ் போட்ட பிறகு.

தண்ணீர் விஷயத்தில் எனக்குப் பயம் அதிகம். மெட்ரோ வாட்டரோ போர் தண்ணீரோ, டேங்கில் நின்று வருவது எதுவும் லென்ஸிலோ அதை வைக்கிற கேஸிலோ படவே கூடாது. அதில் இருக்கக்கூடிய அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியையே அரித்துவிடும். சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத் தொடு. குளியலுக்கு முன், முக்கியமாக எண்ணெய்க் குளியலுக்கு முன், கழற்று. தூங்கும் முன்னும் கழற்று. லென்ஸை ஊறவைக்கிற பழைய சொல்யூஷன்மேல் புதுசை ஊற்றாமல் தினமும் கொட்டிவிடு. கேஸைக் கவிழ்த்துக் காயவை, மூன்று மாதத்துக்கு ஒன்று மாற்று. மாத லென்ஸ் என்றால் பிரித்த நாளிலிருந்து கணக்கு, போட்ட நாளைக் கூட்டிக்கொண்டிருக்காதே. பச்சை மிளகாய் நறுக்கிய கையோடு லென்ஸைக் கழற்றப் போகாதே, சோப்புப் போட்டாலும் அந்தக் காரம் சீக்கிரம் போகாது.

இரண்டு வாரம் கழித்தும் நிழல் குறையவில்லை என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும். "சரியா தெரியல" என்று மட்டும் சொன்னால் கிளினிக்கில் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. லேப்டாப் 60 சென்டிமீட்டர், போன் 40, ரோட்டுப் போர்டு என்று தனித்தனியாக, எந்த வெளிச்சத்தில் எது மங்கல் என்று எழுதிக் கொண்டுபோ. லென்ஸ் கண்பாவைக்கு நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல். ஓரம் தள்ளியிருந்தால் எந்தப் பவரும் உதவாது. சிலிண்டர், அதாவது கருவிழி வளைவு சீராக இல்லாததற்கான பவர், 0.75க்கு வந்திருந்தால் அதையும் சேர்த்துச் சரிசெய்கிற டோரிக் மல்டிஃபோக்கல் இருக்கிறதா என்று கேள். பவரை 0.25 அளவில், ஒரு தடவைக்கு ஒரு கண்ணில் மட்டும் மாற்றட்டும். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்றே தெரியாது.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் அந்த நிமிஷமே கழற்று. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காதே. பக்கத்தில் யாரும் கிடைக்காவிட்டால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போ. லென்ஸையும் கேஸையும் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துக்கொண்டு போ, கிருமி இருக்கிறதா என்று அதையும் சோதிக்க வேண்டியிருக்கும்.

எழுதிய குறிப்பை ஞாயிற்றுக்கிழமை போட்டோ எடுத்து அனுப்பு. நான் படித்துப் பார்த்த பிறகு கிளினிக்குக்குப் போகலாம்.

அம்மா