வாலுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் காரைக்குடியிலும் ஆத்தங்குடியிலும் இருந்து வந்து எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் வியர்வை சிந்திய எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நாம் சரிசெய்த பழைய விமான வாலில், விமானத்தைத் திருப்பும் பலகையான சுக்கானைக் கீலில் மாட்டி விரலால் தள்ளிப் பார்த்தோம். சத்தமே இல்லாமல் இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது. யாரும் கை தட்டவில்லை. டிங்கர் அண்ணன் மட்டும், "எண்ணெய் போடாமலே போகுது பாருங்க" என்றார். எனக்கு அன்று தொண்டை அடைத்துவிட்டது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் எல்லோருக்கும் காப்பி மட்டும் ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன். அதனால்தான் இந்த மடல்.

இதில் யார் பெயரும் இருக்காது. கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போய் இருபது வருஷமாகப் பேசாமல் இருக்கும் பங்காளிகள் உள்ள ஊர் இது. அந்த வம்பே வேண்டாம். படித்தால் உங்களுக்கே தெரியும், யார் யார் என்று.

கதை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பச்சி (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டர், விமானத்தின் உடம்பைப் பழுதுபார்ப்பவர். கொடுக்கல் வாங்கலிலேயே பிழைத்த குடும்பத்தில் ஸ்பானர் பிடித்த முதல் ஆள். அதற்காக ஐயா, அதாவது தாத்தா, இரண்டு வருஷம் அவரோடு பேசவில்லை. பூனாவில் அப்பச்சி வேலை பார்த்தது பி-24 லிபரேட்டரில். நான்கு எஞ்சின், 110 அடி இறக்கை, இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் 18,000-க்கும் மேல் செய்து தள்ளிய குண்டுவீச்சு விமானம். வெடிகுண்டு அறையின் கதவு கடை ஷட்டர் மாதிரி சுருண்டு மேலே ஏறும் என்று அப்பச்சி கையால் செய்து காட்டுவார். நம் விமானப்படை அதை 1968-ஆம் வருஷக் கடைசி நாள் வரை வைத்திருந்தது. அதன் பிறகு வந்த பழைய சாமான் ஏலத்தில் அப்பச்சி ஒரு வாலை எடுத்துவிட்டார். லிபரேட்டருக்கு வால் இரண்டு, முட்டை வடிவத்தில், ஆளைவிட உயரமாக நிற்கும். எங்கள் ஆத்தா அதற்கு வைத்த பெயர் சுளகு. என்ன விலைக்கு எடுத்தார் என்பதை ஆத்தாவுக்குப் பயந்து கடைசி வரை அவர் வாயே திறக்கவில்லை.

லாரியில் வந்த சுளகு பின்கட்டில் கிடந்தது. அப்பச்சி போன பிறகு ஆட்டுக் கொட்டிலுக்குத் தடுப்பானது. யாரோ அதில் ஆணி அடித்துக் கயிறு கட்டினார்கள். பொங்கலுக்குப் பொங்கல் சுவரோடு சேர்த்து அதற்கும் வெள்ளையடித்தார்கள். "யாரோ" என்ன, நானும்தான்.

இந்த விமானங்களைப் பற்றி அப்பச்சி திரும்பத் திரும்பச் சொன்ன கதை ஒன்று உண்டு. யுத்தம் முடிந்ததும் ஆங்கிலேயர் லிபரேட்டர்களைக் கான்பூரில் நிறுத்திவிட்டுப் போனார்கள். வேறு யாரும் ஓட்டிவிடக் கூடாதென்று வேண்டுமென்றே இடித்து, கருவிகளை நொறுக்கி, எஞ்சினுக்குள் மணலைக் கொட்டிவிட்டுப் போனார்கள். 1948-இல் பெங்களூர் இந்துஸ்தான் விமானக் கம்பெனியான எச்.ஏ.எல். ஆட்கள் அந்தக் குப்பைமேட்டில் இறங்கி, ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டி, பறக்கிற அளவுக்கு ஒட்டுப்போட்டார்கள். சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிப் போனார். அங்கே முழுதாகச் சரிசெய்தார்கள். இப்படி நாற்பது சொச்சம் விமானங்கள். அந்த நவம்பரிலேயே நம் விமானப்படையின் ஐந்தாவது ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) இவற்றோடு தொடங்கியது. இன்று பிரிட்டன், அமெரிக்கா, கனடா அருங்காட்சியகங்களில் நிற்கும் லிபரேட்டர்களில் சில நம்மிடமிருந்து போனவை. டெல்லியில் ‘பாலம்’ என்ற இடத்தில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. ஆக, நாம் சரிசெய்த வால் ஏற்கெனவே ஒரு தடவை செத்துப் பிழைத்த வால். "இதெல்லாம் நம்மால ஆகுற வேலையா?" என்று முதல் நாள் கேட்டவர்களுக்கு நான் சொன்ன ஒரே பதில் இந்தக் கான்பூர் கதைதான்.

முதல் நன்றி, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியில் இருந்து ஓய்வுபெற்ற சாருக்கு. துருவைப் பற்றியும் ஆராய்ச்சி செய்யும் கூடம் பக்கத்து ஊரில் இருப்பது என்ன கொடுப்பினை! அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுக்க, நேரு அடிக்கல் நாட்டியதும் அதே 1948-இல்தான். செட்டியாரே லண்டனில் விமானம் ஓட்டக் கற்றவர், ஜூபிடர் ஏர்வேஸ் நடத்தியவர். சார் வந்தார், சுளகைச் சுற்றி இரண்டு நடை நடந்தார், நகத்தால் சுரண்டினார். "ஆட்டு மூத்திரத்தைவிட உங்க வீட்டுச் சுண்ணாம்புதாங்க அதிகம் தின்னிருக்கு" என்றார். அலுமினியத்துக்கு மேல் தானாகப் படியும் மெல்லிய தோல்தான் அதற்குக் கவசமாம். சுண்ணாம்பின் காரம் அந்தத் தோலையே கரைத்துவிடுமாம். நாம் அடித்த இரும்பு ஆணி ஒவ்வொன்றும் ஈரம் பட்டதும் ஒரு குட்டி பேட்டரி ஆகிவிட்டதாம். அலுமினியம் கரைந்து கரைந்து இரும்பைக் காப்பாற்றியிருக்கிறது. இரும்பு நார் போட்டுத் தேய்க்கக் கூடாது, மூங்கில் சீவலால்தான் சுண்ணாம்பை எடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். மூன்று மாதம் சீவினோம். காலேஜ் பிள்ளைகள் முதல் வாரம் பதினைந்து பேர், நான்காம் வாரம் நான்கு பேர். அந்த நான்கு பேருக்கும் தனியாக ஒரு கும்பிடு.

வெள்ளையும் பெயிண்டும் போனதும் உள்பக்கம் மஞ்சள் கலந்த பச்சையில் பழைய பிரைமர் தெரிந்தது. அதற்கும் அடியில், தகட்டின் மேல் வரிசையாக மையால் அச்சடித்த எழுத்து: ஆல்கிளாட் 24 எஸ்.டி., அந்தக் கால விமானத் தகட்டின் ரகப் பெயர். எண்பது வருஷத்துக்கு முந்தைய மை. ஒரு சாண் இடத்தை அப்படியே விட்டுவிடுவோம் என்று நான்கு பேரில் ஒரு பெண் சொன்னாள். விட்டிருக்கிறோம். வந்தால் டார்ச் அடித்துப் பாருங்கள்.

புதுத் தகடு வாங்கப் பட்ட பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வியாபாரி விமானத் தகடு என்று சொல்லி அனுப்பியது வெறும் அலுமினியம். சார் ஓரத்தில் காஸ்டிக் சோடா ஒரு சொட்டு விட்டார். விமானத் தகடு செம்பு கலந்தது, அதுவாக இருந்தால் கறுக்க வேண்டும், இது வெளுத்தே கிடந்தது. திருப்பி அனுப்பினோம். பணம் வர ஐந்து மாதம் ஆயிற்று. சரி, அது போகட்டும்.

வாலின் உள்கூட்டில் கீழ்ப்பக்கத்து விலா மூன்றும் பொடிப்பொடியாகிவிட்டன. புதிதாகச் செய்ய மர அச்சு வேண்டும். தகட்டை அதன்மேல் வைத்துத் தட்டித் தட்டித்தான் மடிக்க வேண்டும். கதவு நிலைகளில் யாளியும் அன்னமும் செதுக்கும் ஆசாரி, இடித்த வீடொன்றின் பர்மாத் தேக்கு உத்திரத்துண்டைக் கொண்டுவந்தார். அப்பச்சியின் நோட்டில் இருந்த படத்தையும் நன்றாக இருந்த மேல் விலாவையும் பார்த்து அச்சு செதுக்கினார். டிங்கர் அண்ணன் தட்டினார். அம்பாசிடர் மட்கார்டில் தொடங்கிய கை அது. மர அச்சையும் தகட்டையும் சேர்த்துப் பார்த்தால், எது யார் வேலை என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இனி ரிவெட், தகட்டோடு தகட்டைப் பிணைக்கும் ஆணி. இதைத்தான் ஊர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. சாதாரண இடத்துக்கு ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) ரிவெட், அதை அப்படியே அடிக்கலாம். கீல் உட்காரும் இடத்தில் கெட்டியான ரகம் வேண்டும். அதை உலையில் அளவாகக் காய்ச்சி, தண்ணீரில் குளிரவைத்து, உடனே உறைபெட்டியில் போட வேண்டும். வெளியே எடுத்தால் பத்து நிமிடத்துக்குள் அடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது இறுகிவிடும், அடித்தால் பிளக்கும். உலைக்கு ஐ.டி.ஐ. வாத்தியார் வழி செய்தார். உறைபெட்டிக்கு எங்கே போவது? மெயின் ரோட்டு ஐஸ்கிரீம் கடைத் தம்பி, குல்பிக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவுக்கு இடம் கொடுத்தார். அங்கிருந்து தெர்மாஸ் பிளாஸ்க்கில் போட்டு டி.வி.எஸ். ஐம்பதில் ஒரு பையன் பறந்து வருவான். தெருமுனையில் ஹாரன் கேட்டதும் ஒருவர் ரிவெட் அடிக்கும் துப்பாக்கியைத் தூக்குவார், இன்னொருவர் உள்ளே படுத்துத் தாங்குகட்டையைப் பிடிப்பார். ஒரு நடைக்கு ஆறு ரிவெட். ஒரு நாள் கோயில் தேர் குறுக்கே வந்துவிட, பையன் பிளாஸ்க்கோடு வடம் பிடித்துவிட்டு அரை மணி கழித்து வந்தான். அந்த ஆறும் வீண். சாமி கணக்கில் எழுதிவிட்டோம்.

லிபரேட்டரின் உடம்பு தகடு என்றாலும் சுக்கானுக்குப் போர்த்துவது துணி. பலருக்கு இது நம்ப முடியவில்லை. நல்ல பருத்தி, அங்குலத்துக்கு 80 இழை, நீளத்திலும் குறுக்கிலும். கண்டாங்கி நெய்யும் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். "சேலைக்கே யாரும் இப்படி எண்ணிப் பார்க்கிறதில்லையே" என்று சிரித்தார். பிறகு தறியைத் திருப்பிக் கட்டிப் பன்னிரண்டு கஜம் நெய்து கொடுத்தார். கஞ்சி துளியும் இருக்கக் கூடாது, பூச்சு உள்ளே இறங்காது என்றதும், வீட்டம்மா இரண்டு தடவை கொதிக்கவைத்து அலசித் தந்தார். கூலி வாங்க மாட்டேன் என்றார். நான் விடவில்லை. கைத்தறிக்காரரிடம் இனாம் வாங்கினால் அப்பச்சி கனவில் வந்து அடிப்பார்.

அந்தத் துணியை விலாக்களோடு சேர்த்துத் தைக்க வேண்டும். நீள ஊசி, மெழுகு தடவிய நூல், ஒவ்வொரு தையலுக்கும் நழுவாத முடிச்சு. இந்த முடிச்சை நான் கற்றது இங்கிலாந்தில். மகளைப் பார்க்கப் போனபோது வேபிரிட்ஜில் உள்ள புரூக்லேண்ட்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். அங்கே வெலிங்டன் குண்டுவீச்சு விமானம் ஒன்று இருக்கிறது. 1940 டிசம்பர் 31 அன்று ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் இறங்கி மூழ்கியது. 1985-இல் மேலே எடுத்தார்கள். தன்னார்வலர்கள் வருஷக்கணக்காக உட்கார்ந்து அதற்கு உயிர் கொடுத்திருக்கிறார்கள். அங்கிருந்த தாத்தா ஒருவர், நான் சுளகைப் பற்றிச் சொன்னதும், பையிலிருந்து ஊசியை எடுத்து என் சட்டை நுனியிலேயே முடிச்சைப் போட்டுக் காட்டினார். அவர் இதைப் படிக்கப் போவதில்லை. இருந்தாலும், ஐயா, உங்களுக்கும் நன்றி.

நான் கற்றுவந்த முடிச்சை ஐந்து ஆண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஐந்தும் நழுவியது. கோயில் வாசலில் பூக்கட்டும் அக்கா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர், "இது நாங்க தாமரைக்குப் போடுறதுதான்" என்று ஊசியை வாங்கினார். பிறகு நாங்கள் நூலுக்கு மெழுகு தடவிக் கொடுக்கும் எடுபிடிகள் ஆனோம்.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தீபாவளிக்குள் முடிக்க வேண்டும் என்று நான்தான் அடம்பிடித்தேன். வேண்டாம் என்று சார் சொன்னார், பெயிண்டர் தம்பி சொன்னார். ஐப்பசி மழை ஈரத்தில், துணியை விறைப்பாக்கும் டோப் என்ற பூச்சை அடிக்கவைத்தேன். பூச்சு காயும்போது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு, மறுநாள் காலை சுக்கான் முழுக்க விபூதி பூசியதுபோல் வெளுத்துக் கிடந்தது. எல்லாவற்றையும் உரித்து, தை பிறந்த பிறகு மறுபடியும் முதலிலிருந்து. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மூவர்ணப் பட்டையை வரைந்தது சுவர் விளம்பரம் எழுதும் பெயிண்டர் தம்பி; ஸ்டென்சில் இல்லை, நூல் பிடித்து வெறும் கையால். தூக்கி நிறுத்த வந்தவர்கள் இளவட்ட மஞ்சுவிரட்டு மாவீரர்கள். அவர்களுக்குச் சோறு போட்டதற்கு அரிசிக்கடை அண்ணன். எல்லோருக்கும் நன்றி.

பங்காளிகளுக்கு. இந்த வீடு ஒன்பது பேருக்குப் பாத்தியம். ரிவெட் சத்தத்தில் ஒரு வருஷம் மத்தியானத் தூக்கம் கெட்டது உங்களுக்குத்தான். கோயில் காரியம் மாதிரி புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒரு குடும்பத்துக்கு, 500 ரூபாய் என்று பிரித்துக் கொடுத்ததும் நீங்கள்தான். சிங்கப்பூர்ப் புள்ளி மட்டும் இன்னும் அனுப்பவில்லை, நினைவூட்டுகிறேன்.

மேலவளவு ஆச்சியைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ஆச்சிக்கு ஆறு வயது. அப்புறம் குடும்பத்தோடு காட்டு வழியே நடந்து வந்தவர்கள். ஒரு நாள் கைத்தடியோடு வந்து நின்று, "இதும் குண்டு போட்டதாப்பா?" என்று கேட்டார். நம் விமானப்படை கைக்கு வருவதற்கு முன் இது யுத்தத்துக்காகச் செய்த விமானம்தானே. "போட்டிருக்கும் ஆச்சி" என்றேன். துணியை விரலால் நெருடிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். மறுநாளிலிருந்து தினமும் பதினொரு மணிக்கு ஒரு தூக்கு மோர் வந்தது, பெருங்காயம் தூக்கலாக. ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆச்சி, மோருக்கு நன்றி.

வருகிற ஞாயிறு பட்டாலையில் பந்தி. பதினொன்றரைக்குள் வந்துவிடுங்கள். கவுனி அரிசியும் கந்தரப்பமும் உண்டு, ஐஸ்கிரீம் கடைத் தம்பி குல்பி கொண்டுவருகிறார், இந்தத் தடவை ரிவெட் இல்லாமல். அப்புறம், என்னுடைய ஒரு நூல் டிரில் பிட்டை யார் பையில் போட்டுக்கொண்டு போனீர்களோ, வரும்போது எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
சுளகு வீட்டுக்காரன்
கானாடுகாத்தான்