தோடு பீரோவில் இருக்கிறது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

ஏற்காட்டில் எல்லோரும் சுகம். மிளகு பறித்தாகிவிட்டது, களத்தில் காய்கிறது. காப்பி பூக்கிற மழைதான் இன்னும் வரவில்லை. சாயங்காலமானால் அப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கீழ்த்தோட்டத்தில் காட்டெருமை இறங்குவதால் இருட்டினபிறகு யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு. பேங்கில் மார்ச் மாசக் கணக்கு என்று மத்தியானச் சோற்றை நாலு மணிக்குத் தள்ளாதே.

போன தடவை வந்தபோது தோட்டைக் கழற்றிக் காகிதத்தில் மடித்து, என் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். சீட்டுக் கட்டி எடுத்த தோடு. திருகாணி இரண்டையும் நூலில் கோத்து முடிச்சுப் போட்டிருக்கிறாய். மறந்துபோய் வைத்தவள் திருகாணிக்கு முடிச்சுப் போடமாட்டாள். அப்பாவிடம் நான் சொல்லவில்லை.

ஓமலூர் பெரியம்மா ஆத்தூர் வரனைப் பற்றி மறுபடி கேட்டாள். நல்ல இடம், நம் வேதக்காரர்கள்தான். கேட்டால் "பார்க்கலாம்மா" என்கிறாய். அதற்குமேல் உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியாரிடம் போய், ஒரு பெண் மடத்துக்கும் போகவில்லை, கல்யாணமும் வேண்டாம் என்கிறாள், மாசத்தில் ஒருநாள் தியானம் என்று போய்விடுகிறாள், இது என்ன சாமி என்று கேட்டேன். பேர் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது, உட்காரச் சொன்னார். கன்னியாஸ்திரி உடுப்பு இல்லாமல், மடம் இல்லாமல், செய்கிற வேலையிலேயே இருந்துகொண்டு கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் மூன்றுக்கும் வார்த்தைப்பாடு, அதாவது கடவுளுக்கு வாக்கு, கொடுக்கிறவர்கள் இருக்கிறார்களாம். அவர்களுக்கென்று சபைகளும் உண்டாம். 1947லேயே பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் இதைத் திருச்சபையில் முறைப்படி ஏற்றுக்கொண்டாராம். வீட்டாரோடு இருக்கலாம், தனியாக இருக்கலாம், சிலர் சேர்ந்தும் இருக்கலாம். இதில் இருக்கிற சிலர் வெளியே சொல்லிக்கொள்வதில்லை என்றார். இப்படி வாழ்ந்தவர்களில் அர்மீதா பரெல்லி என்று இத்தாலியில் ஒரு அம்மா. மிலானில் திரு இருதயத்தின் பேரில் ஒரு பல்கலைக்கழகம் எழும்ப முன்னால் நின்றவர். அதற்குப் பணம் திரட்டி, கணக்கு வழக்குப் பார்த்தவரும் அவர்தானாம். 2022ல் அருளாளர் பட்டம், புனிதர் பட்டத்துக்கு முந்தின படி, கொடுத்திருக்கிறார்கள். கணக்குப் பார்த்த அம்மா என்றதும் உன் நினைப்புதான் வந்தது.

எனக்குப் பெருமை இல்லை என்று நினைக்காதே. கடன் கேட்டு வருகிற கிழவிகளை உட்காரவைத்துப் படிவத்தை நீயே நிரப்பிக் கொடுக்கிறாய் என்று உன்னோடு வேலை செய்யும் பெண் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆனால் மனிதருக்கு உடம்பு என்று ஒன்று இருக்கிறதே, கண்ணு. மடத்து சிஸ்டர் படுத்துவிட்டால் பக்கத்து அறை சிஸ்டர் கஞ்சி கொண்டுவருவார். வாடகை வீட்டில் உனக்கு யார் கதவைத் தட்டிப் பார்ப்பார்கள்? சின்னத்தை கடைசியில் எப்படிக் கிடந்தாள் என்று உனக்கே தெரியும். அதை நான் எழுதவில்லை. மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறாயா? பி.எஃப்.பில் நாமினியாக என் பேரைப் போட்டிருந்தால் அண்ணன் பேருக்கு மாற்று, நான் எத்தனை நாள் இருப்பேன். வேளைக்குச் சாப்பிடு.

முதலில் இரண்டு வருசமாவது பயிற்சி, அப்புறம் ஐந்து வருசத்துக்குக் குறையாமல் தற்காலிக வார்த்தைப்பாடு, அதற்குப் பிறகுதான் கடைசி வார்த்தைப்பாடு என்றார் சாமியார். சரி, நாள் இருக்கிறது, மனசு மாறலாம் என்று ஒரு நிமிசம் ஆறுதலாக இருந்தது. வீட்டுக்கு வருகிற வழியில் வேறு யோசனை. நீ எதில் இருக்கிறாய்? பயிற்சியா, வார்த்தைப்பாடே கொடுத்துவிட்டாயா? சபைக்காரர்களுக்குத் தெரியும், பெற்றவளுக்குத் தெரியாது. ஊருக்குச் சொல்லவேண்டாம், சரி. அம்மாவும் ஊரும் ஒன்றா? உனக்கு முதல் நற்கருணை வாங்குகிற வெள்ளைக் கவுன் தைத்தவள் நான்.

ஈஸ்டருக்கு வரும்போது ஸ்வெட்டர் எடுத்து வா, இங்கே ராத்திரியில் குளிர் போகவில்லை. அதற்கு முன்னால் எனக்கு ஒரு வரி எழுது. ஆத்தூர்க்காரர்களைக் காக்க வைப்பது பாவம், அவர்கள் வேறு இடம் பார்க்கட்டும். நீ உன் வாயால் ஆமாம்மா என்று சொல்லிவிட்டால், பெரியம்மாவிடம் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன். அப்பாவிடமும் நானே சொல்கிறேன்.

அம்மா