களத்துக்கும் தொழுவத்துக்கும் விளக்கு வாங்கும் முன்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி மழை இறங்கியதும் மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஃபோகஸ் லைட்டுகள் பழுதுக்கு வரத் தொடங்கும். பிரித்துப் பார்த்தால் எல்.இ.டி. பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஒயர் நுழையும் வாய் வழியே தண்ணீர் இறங்கி, எல்.இ.டி.க்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் டிரைவரைக் கெடுத்திருக்கும். ஆகவே முதலில் தண்ணீர் புகாதா என்று பாருங்கள், எத்தனை வாட்ஸ் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

வெளியில் மாட்டும் விளக்கு, தூசியும் தண்ணீரும் புகாமல் காக்கும் அளவைக் காட்டும் ஐ.பி. எண்ணில் 65க்குக் குறையக்கூடாது. 6 என்பது தூசி புகாது என்பதற்கு. 5 என்பது பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும் என்பதற்கு. ஆனால் இணைப்பில் வெறும் டேப் சுற்றினால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. ஒயரின் உறைக்குள்ளேயே ஈரம் ஊர்ந்து விளக்குக்குள் போய்விடும். மூடி போட்ட ஜங்ஷன் பாக்ஸில் இணையுங்கள். ஒயர் கீழ்ப்பக்கமாக நுழையட்டும். நுழையும் முன் ஒரு சாண் தொங்கவிட்டு மேலே ஏற்றினால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

நாற்பதுக்கு நாற்பது அடிக் களத்துக்கு ஒரே 100 வாட்ஸைவிட, எதிரெதிர் மூலையில் 15 அடி உயரத்தில் இரண்டு 30 வாட்ஸ் நல்லது. டிராக்டரின் நிழல் இருட்டாக விழாது. முகத்தைக் கீழே சாய்த்து மாட்டுங்கள். நேராக வைத்தால் வெளிச்சம் கண்ணைத்தான் கூசவைக்கும்.

தொழுவம் வேறு கதை. கோமியத்திலிருந்து எழும் அமோனியா அலுமினிய உடலையும் உள்ளே இருக்கும் செம்பு முனைகளையும் அரித்துவிடும். அங்கே பாலிகார்பனேட் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்த நான்கடி பேட்டன் (நீளப் பட்டை விளக்கு)தான் தாங்கும். 20க்கு 30 அடிக்கு 20 வாட்ஸில் இரண்டு போதும். தீவனத் தொட்டிக்கு மேலே வேண்டாம், மாடுகளின் பின்பக்கமாக மாட்டுங்கள். கறக்கும்போது மடி தெரியும். 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வெள்ளை வெளிச்சத்துக்குப் பூச்சி அதிகம் வரும், 3000 மஞ்சள் வெளிச்சத்துக்குக் குறைவு.

இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்: நமக்குச் சுரீரென்று படும் மின்கசிவே, ஈரத்தரையில் நாலு காலும் ஊன்றி நிற்கும் மாட்டைச் சாய்த்துவிடும். எர்த்தோடு மூன்று கோர் (உள்ளே மூன்று கம்பி உள்ள) ஒயர், கசிவு வந்தால் மின்சாரத்தை உடனே நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இரண்டும் கட்டாயம். மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். எலி கடிக்காமல் ஒயரைக் குழாய்க்குள் விடுங்கள். கோடை இடிக்கு சர்ஜ் புரொடெக்டர் (திடீர் மின்வீச்சிலிருந்து காக்கும் கருவி) வைப்பவர்களும் எர்த்தைச் சரிபாருங்கள். அது இல்லாமல் இடியின் மின்வீச்சு போக வழியில்லை. வைக்கோற்படப்பு அருகே சுவிட்சோ இணைப்போ வேண்டவே வேண்டாம்.

கடைக்கு வரும்போது களத்தின் நீள அகலம், கம்பத்தின் உயரம், மெயின் போர்டிலிருந்து ஒயர் போகும் தூரம் மூன்றையும் அளந்து குறித்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மின்பொருள் கடையினர், மதுரை