உருளைக்கிழங்கைப் பிளெண்டரில் அடிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று கிழமைக்கு முன் தங்கள் பத்திரிகையின் மகளிர் பக்கத்தில் உருளைக்கிழங்கு மசியல் செய்முறை ஒன்று வந்திருந்தது. அவித்த கிழங்கைப் பாலும் பட்டரும் சேர்த்துப் பிளெண்டரில் இரண்டு நிமிடம் அடித்தால் வெண்ணெய் போல வரும் என்று அதில் இருந்தது. அந்த ஒரு வரியைத் திருத்திப் போடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு 81 வயது. கடந்த ஐப்பசியில் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறல், விழுங்கவும் கஷ்டம். வைத்தியசாலையில் இருந்து வீட்டுக்கு விடும்போது சோறு, பாண், புட்டு எதுவும் வேண்டாம், மசித்த சாப்பாடுதான் என்று சொன்னார்கள். அதைப் பரீட்சித்துப் பார்க்கும் முறையையும் ஒரு தாதி காட்டித் தந்தா. கரண்டியில் அள்ளினால் உருவம் கலையாமல் நிற்க வேண்டும். கரண்டியைச் சரித்தால் ஒட்டிக்கொண்டு நிற்காமல் வழுக்கி விழ வேண்டும். தண்ணீராக ஓடினாலும் பிழை, பசையாக ஒட்டினாலும் பிழை.

ஒவ்வொரு நாளும் பருப்பும் பூசணியும் கொடுத்து அம்மாவுக்கு அலுத்துப் போயிருந்த நேரத்தில்தான் உங்கள் குறிப்பைக் கண்டேன். உடனே வட்டக்கச்சிக் கடையில் ஒரு கிலோ கிழங்கு வாங்கி, சொன்ன அளவிலேயே செய்தேன். பிளெண்டரைத் திறந்தால் பளபளவென்று இருந்தது. அழகாக வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாக இழுபட்டது. தாதி காட்டித் தந்ததை அந்த நேரத்தில் செய்து பார்க்காதது என் பிழை. இரண்டாவது வாய் அம்மாவின் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இருமல் வந்து கண் இரண்டும் பிதுங்கிவிட்டன. முன்பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு விரலில் துணி சுற்றி வழித்து எடுத்தோம். அன்றைக்கு முழுக்க அம்மா வாயைத் திறக்கவே மறுத்துவிட்டா.

ஏன் இப்படி வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. தங்கையின் மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். அவள்தான் விளங்கப்படுத்தினாள். கிழங்கின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் மாப்பொருள் சின்னச் சின்ன மணிகளாக இருக்கிறது. அவியும்போது அந்த மணிகள் தண்ணீரைக் குடித்து ஊதுகின்றன. கலங்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் இளகுவதால் கிழங்கு பொலபொலவென்று உதிர்கிறது. மெதுவாக மசித்தால் கலங்கள் பெரும்பாலும் உடையாமல் தனித்தனியாகப் பிரியும். பிளெண்டரின் அலகு அந்தக் கலங்களையே கிழித்துவிடும். உள்ளே ஊதியிருந்த மாப்பொருள் வெளியே வந்து எல்லாவற்றையும் பசையாக்கிவிடும். தைப்பொங்கல் காலத்தில் பட்டம் ஒட்டப் பிள்ளைகள் கோதுமை மாவில் பசை காய்ச்சுகிறார்களே, கிட்டத்தட்ட அதைத்தான் நான் அம்மாவுக்கு ஊட்டியிருக்கிறேன்.

வழி சொன்னது பக்கத்து வீட்டு மாமி. "உனக்கேன் பிள்ளை மெசின்? இடியப்ப உரலுக்க போட்டுப் பிழிஞ்சு விடன்" என்றா. அதற்குப் பிறகு நான் வேறு எதையும் தேடவில்லை. வெளிநாட்டில் கிழங்கு பிழிவதற்கென்றே ஒரு கருவி விற்கிறார்களாம். அதன் படத்தை மகன் அனுப்பியிருந்தான். பார்த்தால் நம் இடியப்ப உரலேதான், கைப்பிடி மட்டும் வேறு.

இப்போது நான் செய்வது இப்படி. அரைக் கிலோ கிழங்கைத் தோல் சீவி, ஒரே அளவான துண்டுகளாக வெட்டிப் பச்சைத் தண்ணீரில் போட்டுத்தான் அடுப்பில் வைப்பேன். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெளிப்பக்கம் கரையும், நடு வேகாமல் நிற்கும். கொதி வந்தபின் 15 முதல் 20 நிமிடம். கத்தி நுனி தடையில்லாமல் இறங்க வேண்டும். தண்ணீரை நன்றாக வடித்துவிட்டு, வெறும் சட்டியை மெல்லிய நெருப்பில் ஒரு நிமிடம் வைத்துக் குலுக்கினால் மிச்ச ஈரமும் ஆவியாகப் போய்விடும். இதை விடக் கூடாது. ஈரம் நின்றால் பாலைச் சேர்க்கும்போது சவசவத்துவிடும். சூடு ஆறுமுன் உரலில் போட்டுப் பிழிய வேண்டும். இடியப்ப அச்சின் கண் சின்னது என்பதால் சரியாக வேகாத கிழங்கு இறங்காது. அது எனக்கு நன்மை. உரலில் இறங்காத கிழங்கு அம்மாவின் தொண்டையிலும் இறங்காது.

பிழிந்ததில் முதலில் 50 கிராம் பட்டர், அதற்குப் பிறகுதான் பால். கொழுப்பு முதலில் படிந்தால் பசைத்தன்மை குறையும் என்று மருமகள் சொன்னாள். நான் செய்து பார்த்த அளவில் அது உண்மைதான். பால் கட்டாயம் சூடாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மாடு நிற்பதால் பசுப்பால். பால்மா கரைத்தாலும் குறை இல்லை. 100 மில்லிலீற்றர் அளவில் தொடங்கிக் கரண்டிப் பரீட்சை சரிவரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பேன். மரக்கரண்டியால் பிரட்டுவதோடு சரி, போட்டு அடிப்பதில்லை. அம்மாவுக்குப் பிரஷரும் சீனி வருத்தமும் இருப்பதால் உப்பு நுனிவிரல் அளவு, கிழங்கும் அரைக் கோப்பைக்கு மேல் இல்லை. மசித்த கிழங்கு இரத்தத்தில் சீனியைச் சட்டென்று ஏற்றும். அதனால் குழைய அவித்து வடித்த பருப்பும் கூடவே கொடுக்கிறேன்.

கிழங்கும் எல்லாம் ஒன்றல்ல. மாசி, பங்குனியில் வலிகாமத்துச் செம்மண் கிழங்கு வரும். மற்றக் காலத்தில் நுவரெலியாக் கிழங்கு, இல்லாவிட்டால் பாகிஸ்தான், இந்தியக் கிழங்கு. மாத்தன்மை கூடிய கிழங்குதான் மசியலுக்கு நல்லது. அதை அறிய ஒரு வழி இருக்கிறது. 11 கோப்பைத் தண்ணீருக்கு ஒரு கோப்பை உப்புக் கரைத்து அதில் கிழங்கைப் போட்டால், மாத்தன்மை கூடியது தாழும், மற்றது மிதக்கும். என் வீட்டுக்காரர் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விதைக்கிறவர். விதைநெல்லை உப்புத்தண்ணீரில் போட்டுப் பதரைப் பிரிப்பதும் இதே கணக்குத்தான் என்று சொல்லி, தானே வாளியில் போட்டுப் பார்த்தார். அப்புறம் இன்னொன்று: பச்சை படிந்த கிழங்கை வீண்போகிறதே என்று பார்த்து மசித்துவிடாதீர்கள். அதில் உள்ள சோலனைன் என்னும் நஞ்சு அவித்தாலும் போகாது.

1996இல் கிளிநொச்சியை விட்டு அக்கராயனுக்கும் பிறகு மல்லாவிக்கும் ஓடினபோது எங்களுக்கு உருளைக்கிழங்கு என்பது கண்ணில் படாத பொருள். அம்மா மரவள்ளிக்கிழங்கை மூடாமல் அவித்து, நடுநாரை உருவி, தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் வெங்காயமும் போட்டு உரலில் இடித்துத் தருவா. அதை இடிக்க இடிக்கத்தான் ருசி, ஒட்டினால்தான் உருண்டை பிடிக்கலாம். அந்தப் பழக்கத்தில்தான் உருளைக்கிழங்கையும் நன்றாக அடித்தால் நல்லது என்று நம்பிவிட்டேன் போலும். அன்றைக்கு எங்கள் ஐந்து பேருக்கும் உலக்கை பிடித்த கை இப்போது கரண்டி பிடிக்காது.

உங்கள் குறிப்பின் மற்ற அளவுகளில் எனக்குக் குறை இல்லை. ஆனால் வன்னியில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வயதானவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிற குடும்பங்கள் எங்கள் ஒழுங்கையிலேயே நான்கு உண்டு. அவர்களும் உங்கள் பக்கத்தை வெட்டி வைத்துச் சமைக்கிறவர்கள். பிளெண்டர் வரியைத் திருத்தி, முன்பு போட்ட அதே இடத்தில் போட்டுவிடுங்கள். முடிந்தால் விழுங்கக் கஷ்டப்படுகிறவர்களுக்கான சாப்பாடுகளை, அந்தத் துறை தெரிந்த ஒருவரைக் கொண்டு மாதம் ஒன்றாவது எழுதுவியுங்கள். மீனை எப்படிப் பயமில்லாமல் கொடுக்கலாம் என்று முதலில் கேட்டு எழுதினால் நல்லது. அம்மா கையால் காட்டிக் கேட்கிறா.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
வட்டக்கச்சி, கிளிநொச்சி.